அறுபத்துமூன்றின் கணக்கு: முன்கூட்டிய ஓய்வும் ஜெர்மானிய ஓய்வூதியச் சட்டமும்

1960களின் தொடக்கத்தில் மேற்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 60 முதல் 64 வயது வரையிலான ஆண்களுள் பெரும்பாலோர் உழைப்புச் சந்தையில் இருந்தார்கள். பல நாடுகளில் அவர்களின் விகிதம் 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. 1990களின் நடுப்பகுதிக்குள் பெல்ஜியம், பிரான்சு, இத்தாலி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளிலும் அது 20 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. ஜெர்மனியில் ஏறத்தாழ 35 விழுக்காட்டினரும் அமெரிக்காவில் 53 விழுக்காட்டினரும் எஞ்சியிருந்தனர். ஜப்பான் மட்டுமே 75 விழுக்காட்டை ஒட்டி நின்றது. முப்பது ஆண்டுகளில் ஒரு வயதுப் பிரிவே வேலையிலிருந்து விலகிய இந்த நிகழ்வு, தொழிலாளர் வரலாற்றில் எட்டு மணி நேர வேலைநாளுக்கு நிகரான மாற்றம் என்றே சொல்லவேண்டும்.

இந்தச் சரிவு எதிர்பார்ப்புக்கு நேர்மாறான திசையில் நடந்ததால்தான் அதற்கு விளக்கம் தேவைப்படுகிறது. 1960ஐ ஒட்டி மேற்கு ஜெர்மனியில் 65 வயதை எட்டிய ஆண் மேலும் ஏறத்தாழ 12 ஆண்டு வாழ்வார் என்று கணிக்கப்பட்டது. இன்று அந்தக் கணிப்பு 18 ஆண்டை நெருங்குகிறது. சுரங்கங்களும் உலைக்கூடங்களும் சுருங்கி, உட்கார்ந்து செய்யும் வேலைகள் பெருகின. உடல் தாங்கும் காலம் நீண்டபோது உழைக்கும் காலம் ஏன் குறுகியது? வருமானம் உயரும்போது மக்கள் ஓய்வையும் விலைகொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள் என்பது வழக்கமான விடைகளுள் ஒன்று. நெடுங்காலம் உழைத்த உடல் ஒருநாள் முடியாது என்று சொல்லிவிடுகிறது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் செல்வமும் தளர்ச்சியும் சிறிது சிறிதாகச் சேர்பவை. அவை மட்டுமே காரணமாயின், வயது ஏற ஏற விலகுவோரின் எண்ணிக்கையும் சீராக ஏறிச் சென்றிருக்கவேண்டும். புள்ளிவிவரமோ வேறு வடிவம் காட்டுகிறது. அமெரிக்காவில் 62, 65 ஆகிய வயதுகளிலும் ஜெர்மனியில் 60, 63, 65 ஆகிய வயதுகளிலும் விலகுவோர் தொகை திடீரென உச்சத்துக்குப் போகிறது. இடைப்பட்ட வயதுகளில் அது தாழ்ந்து கிடக்கிறது. இவையெல்லாம் ஏதேனும் ஓர் ஓய்வூதிய உரிமை தொடங்கும் வயதாகச் சட்டம் குறித்து வைத்தவை. மூட்டுவலிக்குச் சட்டப்புத்தகம் தெரியாது; பிறந்தநாளைப் பார்த்து அது வருவதுமில்லை.

இந்தத் தடயத்தை விரிவாகப் பின்தொடர்ந்தவர்கள் அமெரிக்கப் பொருளியலாளர்களான ஜொனதன் குரூபரும் டேவிட் வைசும். 11 நாடுகளின் ஆய்வாளர்களை ஒன்றுசேர்த்து, அந்தந்த நாட்டு ஓய்வூதிய விதிகளை ஒரே முறையில் கணக்கிட்டு, 1999இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பு ‘உள்ளுறை வரி’ என்னும் கருத்தை மையமாகக் கொண்டது. ஒருவர் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற்ற பிறகும் ஓராண்டு கூடுதலாக உழைத்தால், அந்த ஆண்டின் ஓய்வூதியத்தை இழக்கிறார். பங்களிப்புத் தொகையையும் தொடர்ந்து செலுத்துகிறார். அதற்கு ஈடாக அவருடைய பிற்கால ஓய்வூதியம் போதிய அளவு உயராவிட்டால், அந்த இழப்பு அவருடைய ஊதியத்தின் மீது விதிக்கப்பட்ட வரியைப் போலவே செயல்படுகிறது. வரி என்று பெயரிடப்படாததால் எந்த நிதிநிலை அறிக்கையிலும் அது தென்படுவதில்லை. இந்த வரி எந்த நாட்டில் கனமாக இருந்ததோ அந்த நாட்டில்தான் முதியோர் மிகுதியாக வேலையை விட்டிருந்தார்கள் என்பது அத்தொகுப்பின் முதன்மையான கண்டறிவு. நாடுகளை ஒப்பிடும் ஆய்வில் எது காரணம், எது விளைவு என்ற ஐயம் எப்போதும் எஞ்சும். ஆகவே ஒரே நாட்டில் சட்டம் மாறியபோது என்ன நடந்தது என்று பார்ப்பதே தக்கது. அதற்கு ஜெர்மனியைப் போல வளமான எடுத்துக்காட்டு வேறில்லை.

முதுமைக்கும் உழைக்கவியலாமைக்குமான காப்பீட்டை 1889இல் பிஸ்மார்க்கின் அரசு சட்டமாக்கியபோது ஓய்வூதிய வயது 70. அது 65ஆகக் குறைக்கப்பட்டது 1916இல். தொடக்ககால ஓய்வூதியம் உயிர் தாங்குவதற்கான சிறு தொகையே. வேலையை விட்டுவிடுவதற்கான அழைப்பாக அதை யாரும் கருதவில்லை. 1957இல் அடனாவர் அரசு கொண்டுவந்த சீர்திருத்தம் இந்நிலையை மாற்றியது. அன்று முதல் ஓய்வூதியம் நாட்டின் சராசரி ஊதியத்தோடு பிணைக்கப்பட்டது. ஊதியம் உயர்ந்தால் அதுவும் உயரும். சேமித்து வைத்த நிதியிலிருந்து அல்லாமல், இன்று உழைப்போர் செலுத்தும் பங்களிப்பிலிருந்தே இன்று ஓய்வு பெற்றோருக்கு வழங்கும் முறை வேரூன்றியதும் அதன்பின்தான். காலப்போக்கில், 45 ஆண்டு சராசரி ஊதியத்தில் உழைத்தவர் தம் நிகர ஊதியத்தில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை ஓய்வூதியமாகப் பெறும் நிலை உருவாயிற்று. உழைப்பை நிறுத்தியவரும் தம் வீட்டையும் வாழ்க்கைத் தரத்தையும் காத்துக்கொள்ளலாம் என்ற உறுதி, ஓய்வின் பொருளையே மாற்றியது.

அடுத்த பெரிய அடி 1972இல் விழுந்தது. வில்லி பிராண்டின் அரசு நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையை இழந்திருந்தது; நவம்பரில் தேர்தல் வரவிருந்தது; ஓய்வூதிய நிதியில் வருங்காலத்தில் மாபெரும் உபரி சேரும் என்று கணிப்புகள் கூறின. ஆளுங்கட்சி நெகிழ்வான ஓய்வு வயதை முன்வைத்தது. எதிர்க்கட்சி ஓய்வூதிய உயர்வை முன்கூட்டியே வழங்கக் கோரியது. செப்டம்பரில் இரண்டுமே சட்டத்தில் இடம்பெற்றன. தேர்தலுக்கு முந்திய மாதங்களில் உபரியைப் பார்த்த எந்த நாடாளுமன்றமும் வேறு விதமாக நடந்திருக்குமா என்பது ஐயமே. அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்தது. கணிக்கப்பட்ட உபரி வந்து சேரவில்லை. ஆனால் சட்டம் நின்றுவிட்டது. 35 ஆண்டு காப்பீட்டுக் காலம் நிறைந்த எவரும் 63 வயதில், எந்தக் கழிவுமின்றி, முழு ஓய்வூதியம் பெறலாம் என்றாயிற்று. பெண்களுக்கும், ஓராண்டு வேலையின்றி இருந்தோருக்கும் 60 வயது என்ற விதி முன்பே இருந்தது. கடுமையான உடற்குறைபாடு உடையோருக்கு முதலில் 62 ஆகவும் பின்னர் 60 ஆகவும் வயது குறிக்கப்பட்டது.

‘கழிவுமின்றி’ என்ற அந்த ஒரு சொல்லின் எடையை உணர ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 40 ஆண்டு பங்களிப்புச் செலுத்திய 63 வயதுத் தொழிலாளி ஒருவருக்கு மாதம் 1,000 மார்க் ஓய்வூதியம் வரவேண்டும் என்று கொள்வோம். ஓய்வூதியம் பங்களிப்பு ஆண்டுகளுக்கு நேர்விகிதத்தில் வளர்வதால், அவர் மேலும் 2 ஆண்டு உழைத்தால் 42 ஆண்டுக்குரிய 1,050 மார்க் கிடைக்கும். இந்த 50 மார்க் உயர்வுக்காக அவர் கைவிடுவது 24 மாத ஓய்வூதியமான 24,000 மார்க். மாதம் 50 மார்க் வீதம் அதை மீட்க 480 மாதம், அதாவது 40 ஆண்டு வேண்டும். அவர் 105 வயது வரை இருந்தாகவேண்டும். இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தால், வேலையில் அவர் கைக்கு வரும் ஊதியம் 1,450 மார்க் என்றால், வீட்டிலிருந்தாலும் 1,000 மார்க் வந்திருக்கும் என்பதால், அந்த இரண்டாண்டு உழைப்புக்கு உண்மையான கூலி மாதம் 450 மார்க்தான். பின்னால் வரும் 50 மார்க் உயர்வை ஒதுக்கிப் பார்த்தால், ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உள்ளுறை வரியாகப் போய்விடுகிறது. ஊதிய உயர்வையும் பிற வரிகளையும் சேர்த்தால் எண்கள் சற்று மாறும். கணக்கின் போக்கு மாறாது. இந்நிலையில் 63இல் விலகியவரைச் சோம்பேறி என்பதற்கில்லை. கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரிந்தவர் என்றே கொள்ளவேண்டும். சட்டத்துக்குப் பின் சில ஆண்டுகளிலேயே ஜெர்மானிய ஆண்களின் சராசரி ஓய்வு வயது கூர்மையாகச் சரிந்தது. அந்த ஆண்டுகளில் மக்களின் உடல்நலமோ விருப்பமோ அவ்வளவு வேகத்தில் மாறியதற்குச் சான்றில்லை.

ஆயினும் தொழிலாளியின் கணக்கோடு கதை முடிவதில்லை. அவரை வெளியேறத் தூண்டிய கைகள் வேறு பல இருந்தன. பணிமூப்போடு ஊதியமும் ஏறும் நிறுவனங்களில் இளம்வயதில் உழைப்பின் மதிப்பைவிடக் குறைவாகவும் முதுமையில் கூடுதலாகவும் ஊதியம் அமைகிறது என்றும், அத்தகைய ஏற்பாடு நிலைக்கவேண்டுமானால் அதற்கு ஒரு முடிவுத் தேதி தேவை என்றும் பொருளியலாளர் எட்வர்ட் லசீர் 1979இல் வாதிட்டார். நீண்ட காலம் பணியாற்றியவரை நீக்குவது ஜெர்மானியச் சட்டப்படி எளிதன்று. ஆட்குறைப்பின்போது வயதும் பணிக்காலமும் தொழிலாளிக்குச் சார்பாகவே எண்ணப்படும். எனவே 1970களின் நெருக்கடியில் ஆட்குறைப்புக்கு வழி தேடிய நிர்வாகங்கள், சமூகக் காப்பீட்டின் விதிகளையே அதற்குக் கருவியாக்கின. 59 வயதான தொழிலாளியோடு உடன்படிக்கை செய்து பணியை முடித்துக்கொள்வார்கள். அவர் ஓராண்டு வேலையின்மை உதவித்தொகை பெறுவார். அத்தொகைக்கும் பழைய ஊதியத்துக்கும் இடையிலான பள்ளத்தில் ஒரு பகுதியை நிறுவனம் நிரப்பும். 60 நிறைந்ததும், ஓராண்டு வேலையின்றி இருந்தவர் என்ற தகுதியில் அவருக்கு ஓய்வூதியம் தொடங்கும். இதற்கு ‘59 ஏற்பாடு’ என்றே பெயர் வழங்கியது. 1980களின் பிற்பாதியில் மூத்தோருக்கான வேலையின்மை உதவிக்காலம் 32 மாதமாக நீட்டப்பட்டதும், 60இலிருந்து 32 மாதத்தைக் கழித்து 57 வயது 4 மாதத்தில் அதே நாடகம் தொடங்கியது. பெயரும் ‘57 ஏற்பாடு’ ஆயிற்று. அந்த உதவிக்காலத்தை நீட்டியவர்கள் வேலையிழந்த முதியவரின் துன்பத்தைக் குறைக்கவே எண்ணியிருந்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் ஆதாயம் இருந்ததுதான் அதன் வலிமை. நிறுவனம் சண்டையின்றி ஆட்குறைப்பு செய்தது. தொழிற்சங்கம் இளைய உறுப்பினர்களின் வேலையைக் காத்தது. தொழிலாளி மரியாதையோடு வீடு திரும்பினார். அரசின் வேலையின்மைப் பட்டியல் சற்றுக் குறுகியது. செலவு மட்டும் அந்த மேசையில் அமர்ந்திராத ஒருவர் தலையில், அதாவது பங்களிப்புச் செலுத்தும் எல்லாத் தொழிலாளர்கள் தலையிலும் அடுத்த தலைமுறையின் தலையிலும் விழுந்தது. ரூர் பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்களில் இம்முறை இன்னும் முன்கூட்டியே தொடங்கியது. 1972 முதல் வழங்கப்பட்ட தனி உதவித்தொகையால், நிலத்தடியில் உழைத்தவர்கள் 50 வயதிலேயே விலக முடிந்தது. பாட்ராப் நகரின் கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்படும் வரை, ஒரு பெருந்தொழிலையே பெரிய கலவரமின்றி மூடிவிட இது உதவியது. பிரிட்டனில் 1984-85 சுரங்க வேலைநிறுத்தம் முடிந்த விதத்தோடு ஒப்பிட்டால், அந்தச் செலவு வீண் என்று சொல்ல மனம் வராது.

1980களில் முன்கூட்டிய ஓய்வுக்கு ஒரு கொள்கை நியாயமும் சேர்ந்தது: முதியவர் விலகினால் இளைஞருக்கு இடம் கிடைக்கும் என்பது அது. உலோகத் தொழிலாளர் சங்கம் 1984இல் வாரத்துக்கு 35 மணி நேர வேலை கேட்டுப் போராடியபோது, தொழிலாளர் நல அமைச்சர் நோர்பர்ட் புளூம் அதற்கு மாற்றாக 58 வயது ஓய்வுச் சட்டத்தை முன்வைத்தார்; விலகியவரின் இடத்தில் வேலையற்ற ஒருவரை அமர்த்தினால் நிறுவனத்துக்கு மானியம் உண்டு என்றது அது. பிரான்சில் மித்தரான் அரசு 1982இல் ஓய்வு வயதை 60 ஆக்கியபோதும் இதே நம்பிக்கை பேசப்பட்டது. ஒரு நாட்டில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கை மாறாதது, ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்காரலாம் என்ற எண்ணமே இதன் அடிப்படை. குரூபரும் வைசும் 2010இல் வெளியிட்ட மற்றொரு தொகுப்பு 12 நாடுகளில் இதைச் சோதித்தது. முதியோர் மிகுதியாக விலகிய காலங்களில் இளையோர் வேலைவாய்ப்பு உயர்ந்ததற்கான சான்று அதில் கிடைக்கவில்லை. பெரும்பாலும் இரு பிரிவினரும் சேர்ந்தே உயர்ந்தனர், சேர்ந்தே தாழ்ந்தனர். ஓய்வூதியச் செலவுக்காகப் பங்களிப்பு விகிதம் ஏறும்போது புதிதாக ஆள் எடுப்பதன் விலையும் ஏறுகிறது என்பதை மறந்ததே அந்த நம்பிக்கையின் ஓட்டை. தனி ஒரு தொழிற்சாலைக்குள் நின்று பார்ப்பவருக்கு அது உண்மைபோலத் தோன்றும் என்பதையும் சொல்லவேண்டும். அதனால்தான் சங்கங்கள் அதை அவ்வளவு எளிதில் கைவிடவில்லை.

சட்டத்தைத் திருத்தும் முயற்சி 1989இல் நிறைவேறியது. ஓய்வு வயதுகளைப் படிப்படியாக உயர்த்தவும், முன்கூட்டி விலகினால் மாதத்துக்கு 0.3 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 3.6 விழுக்காடு கழிக்கவும் வகைசெய்த அச்சட்டத்தை ஜெர்மானிய நாடாளுமன்றம் ஏற்ற நாள் நவம்பர் 9. அன்றிரவே பெர்லின் சுவர் திறந்ததால், செய்தித்தாள்களில் ஓய்வூதியத்துக்கு இடமிருந்திருக்காது. முரண் என்னவெனில், முன்கூட்டிய ஓய்வைக் கட்டுப்படுத்தும் சட்டம் நடைமுறைக்கு வரக் காத்திருந்த ஆண்டுகளில்தான், கிழக்கு ஜெர்மனியின் ஆலைகள் சரிந்து, 55 வயதைக் கடந்த பல இலட்சம் பேர் இடைக்கால உதவித்தொகை வழியாக உழைப்புச் சந்தையிலிருந்து ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். அந்த வயதில் அவர்கள் தேர்ந்தெடுத்தது ஓய்வு என்பதைவிட, தேர்ந்தெடுக்க வேறொன்றும் இல்லை என்பதே பொருந்தும்.

1997இல் கழிவு முறை நடைமுறைக்கு வரத் தொடங்கியது. முன்னர் போட்ட கணக்கையே மீண்டும் போட்டால், 63 வயதுத் தொழிலாளிக்கு இப்போது 7.2 விழுக்காடு குறைத்து 928 மார்க் கிடைக்கும். 65 வரை பொறுத்தால் 1,050. இரண்டாண்டில் இழப்பது 22,272 மார்க். மாதம் 122 மார்க் வீதம் அது 15 ஆண்டில் மீண்டுவிடும். அன்றைய 65 வயது ஆணின் எதிர்பார்ப்பு ஆயுளும் ஏறத்தாழ அவ்வளவே. எப்போது விலகினாலும் ஆயுள் முழுதும் பெறும் தொகை சமமாக இருக்கும்படி கழிவை அமைப்பதைக் காப்பீட்டுக் கணிதம் நியாயமான விகிதம் என்கிறது; 3.6 விழுக்காடு போதாது என்று சில பொருளியலாளர்கள் கருதினாலும், முன்பிருந்த நிலைக்கு இது எவ்வளவோ மேல். (இந்தியாவின் 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், 58க்கு முன் ஓய்வூதியம் கேட்டால் ஆண்டுக்கு 4 விழுக்காடு கழிப்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.) மூத்தோருக்கான வேலையின்மை உதவிக்காலமும் 2006இல் 32 மாதத்திலிருந்து 18 மாதமாக வெட்டப்பட்டது. 2007இல் ஓய்வு வயதை 67 ஆக்கும் சட்டம் வந்தது. 1964இலும் அதற்குப் பின்னும் பிறந்தோருக்கு அது முழுமையாகப் பொருந்தும். 55 முதல் 64 வயதினருள் வேலையில் இருப்போரின் விகிதம் 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 38 விழுக்காடாக இருந்தது. 2019இல் அது 70 விழுக்காட்டைக் கடந்தது. பெண்களின் கல்வியும் வேலைவாய்ப்பும் உயர்ந்ததற்கும், பொருளாதாரம் நலமாக இருந்ததற்கும் இதில் பங்குண்டு. ஆயினும் இறங்கும்போது சட்டத்தின் வழியே இறங்கிய விகிதம், ஏறும்போதும் சட்டத்தின் வழியே ஏறியது என்பதை மறுக்க இயலாது.

மனித விருப்பம் அழுத்தி வைத்தாலும் வேறு வழி தேடும் என்பதற்கு இரு சான்றுகள் உண்டு. 1996இல் ‘முதுமைப் பகுதிநேரப் பணி’ என்ற திட்டம் வந்தது. கடைசி ஆண்டுகளில் அரைநேரம் உழைத்துப் படிப்படியாக விலகவேண்டும் என்பது நோக்கம். நடைமுறையில் மிகப் பெரும்பாலோர் முதல் பாதியில் முழுநேரம் உழைத்துவிட்டு, இரண்டாம் பாதியில் வேலைக்கே வராமல் இருக்கும் வடிவத்தைத் தேர்ந்தார்கள். மானியம் பெற்ற முன்கூட்டிய ஓய்வாகவே அது முடிந்தது. இரண்டாவது சான்று, 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சலுகை: 45 ஆண்டு பங்களிப்பு நிறைந்தவர், கழிவின்றி 63இல் விலகலாம், பின்வரும் பிறப்பாண்டினருக்கு அந்த வயது 65 வரை ஏறும். வேலையிழந்து உதவித்தொகை பெற்ற காலமும் 45 ஆண்டில் சேரும். ஓய்வுக்கு முந்திய கடைசி 2 ஆண்டு மட்டும், நிறுவனமே மூடப்பட்டாலொழிய, சேராது. இந்த விலக்கை எழுதியவர்களுக்கு 59 ஏற்பாடு நன்றாகவே நினைவிருந்தது. இல்லாவிடில் 61 வயதில் அதே உடன்படிக்கைகள் மீண்டும் கையெழுத்தாகியிருக்கும். ஆண்டுக்கு 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இச்சலுகையைக் கேட்டு விண்ணப்பித்தார்கள்.

ஆனால் இடைவெளியின்றி 45 ஆண்டு பங்களிக்க யாரால் முடிகிறது? 16, 17 வயதில் தொழிற்பயிற்சியில் சேர்ந்து, நிலையான நிறுவனத்தில் தொடர்ந்து உழைத்து, பெரும் நோயின்றி அறுபதைக் கடந்த தேர்ச்சிபெற்ற தொழிலாளியால் முடிகிறது. கூரை வேய்பவரும் செவிலியரும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டாலும், அவர்களுள் பலர் அந்த எண்ணிக்கையை எட்டுமுன்பே உடைந்துபோகிறார்கள். அவர்களுக்குள்ள வழி உழைக்கவியலாமை ஓய்வூதியம். இந்த வழியும் ஒருகாலத்தில் முன்கூட்டிய ஓய்வின் நெடுஞ்சாலையாக இருந்ததை மறைக்கவேண்டியதில்லை; நெதர்லாந்தில் இத்தகைய உதவி பெறுவோர் பத்து இலட்சத்தை நெருங்கியபோது, நாடே நோயுற்றிருக்கிறது என்று பிரதமர் லுப்பர்ஸ் 1990இல் அறிவித்தார். அதன்பின் பல நாடுகளில் மருத்துவச் சோதனை இறுகியது. ஜெர்மனியில் இன்று அவ்வழியில் வருவோரிடம் முதன்மைக் காரணமாகக் காணப்படுவது முதுகுவலியோ மூட்டுத் தேய்வோ அன்று, மனநோய். புதிய ஓய்வூதியங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் அதனால் வருபவை.

காப்பீட்டுக் கணிதத்தின் நியாயம் சராசரி ஆயுளை அடிப்படையாகக் கொண்டது. குறைந்த ஊதியத்தில் கடின வேலை செய்தோர் சராசரியைவிடச் சில ஆண்டு முன்பே இறக்கிறார்கள் என்பதால், அதே 3.6 விழுக்காடு அவர்களுக்குத் தண்டனையாகவும் நீண்டநாள் வாழும் அலுவலருக்குச் சலுகையாகவும் அமைகிறது. 2001 முதல் உழைக்கவியலாமை ஓய்வூதியத்துக்கும் இக்கழிவு பொருந்தும். உயர் அளவு 10.8 விழுக்காடு, அதாவது மூன்றாண்டுக் கழிவு. நோயுற்றவர் மேலும் சில ஆண்டு உழைத்ததாக வைத்துக் கணக்கிடும் முறை இருப்பதாலும், 2014 சட்டமும் பின்வந்தவையும் அந்தக் கற்பனை ஆண்டுகளை நீட்டியதாலும் பாதிப்பு ஓரளவு தணிந்திருக்கிறது. கழிவு மட்டும் நீக்கப்படவில்லை. 63இல் விலகுவதா வேண்டாமா என்று எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு உள்ளவருக்கு 2014 சட்டம் கழிவை விலக்கிக் கொடுத்தது. 52 வயதில் எழுந்து நிற்க இயலாமல் போனவர், விலகும் வயதைத் தேர்ந்தெடுக்காமலே, அதன் விலையாக மாதந்தோறும் 10.8 விழுக்காட்டைச் செலுத்திக்கொண்டிருக்கிறார்.